படம் போட்ட நாற்காலிக்குப் பதிவு கிடைக்குமா?

கேள்வி: தக்கலை பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ரப்பர் மர நாற்காலி, விளக்கு, கடைகளுக்கான உள்ளமைப்பு எல்லாம் நானே வரைந்து செய்து கொடுக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாற்காலியின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டேன். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில் அச்சு அசலாக அதே நாற்காலி விற்பனைக்கு நிற்கிறது. ஏஜெண்ட் ஒருவர் 28,000 ரூபாய்க்கு 'பேட்டண்ட்' வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இதற்கிடையே, நான் உள்ளமைப்பு செய்துகொடுத்த பேக்கரிக்காரர் அதே வரைபடத்தை வைத்து இரண்டாவது கிளையையும் கட்டிவிட்டார். ஏஜெண்டுக்குப் பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள்.

நாற்காலியின் தோற்றத்துக்கு பேட்டண்ட் கிடையாது. பேட்டண்ட் என்பது புதிய கண்டுபிடிப்புக்கு, அதாவது ஒரு பொருள் வேலை செய்யும் விதத்துக்கு. வடிவம், கோடு, வளைவு, அலங்காரம் என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டம் இருக்கிறது. அதில் பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டு, புதுப்பித்தால் இன்னும் 5 ஆண்டு உரிமை. தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். ஆமாம், ஆயிரம்தான். மீதி 27,000 எங்கே போகிறது என்று ஏஜெண்டிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் நாற்காலிக்கு அந்த ஆயிரம் ரூபாய் பதிவும் இனி உதவாது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அந்த வடிவம் இந்தியாவிலோ வெளிநாட்டிலோ எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது என்பது சட்டம். நீங்களே வெளியிட்டாலும் வெளியீடு வெளியீடுதான். இன்ஸ்டாகிராமில் போட்ட அன்றே கதவு மூடிவிட்டது.

இதை ஏஜெண்ட் சொல்லமாட்டார், ஏனென்றால் சான்றிதழ் வந்துவிடவும் வாய்ப்பு உண்டு. டிசைன் அலுவலகப் பரிசோதகர் தேடும்போது ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் அவர் கண்ணில் படாமல் போகலாம். சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டி, மார்த்தாண்டம் பட்டறைக்கு நோட்டீஸ் அனுப்புவீர்கள். அவர்கள் வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்து, படம் போட்ட தேதியைப் பிரிண்ட் எடுத்து, 19-ஆம் பிரிவின்படி பதிவை ரத்து செய்யக் கேட்பார். உங்களுக்கு எதிரான சாட்சி உங்கள் கையாலேயே எழுதப்பட்டிருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் போட்ட வழக்கில் இதையே எதிர்வாதமாக வைத்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும், நம் மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை. செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

'வெளியிட்டு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம்' என்று யாராவது சொல்வார்கள். அது அமெரிக்காவில் உள்ள ஏற்பாடு. யூடியூபில் பார்த்துவிட்டு இங்கே வந்து அதைச் சொல்லும் ஆட்கள் ஏராளம்.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தொழிலில் தினமும் வருவது அதுதான். ஒருவரை நம்பி, வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு டிசைனைக் காட்டினால் அது வெளியீடு ஆகாது. அவர் நம்பிக்கையை மீறி வெளியே விட்டாலும் உங்கள் உரிமை போகாது (16-ஆம் பிரிவு). ஆசாரிக்குப் படம் அனுப்பாமல் நாற்காலி செய்ய முடியாது, வாடிக்கையாளருக்குக் காட்டாமல் ஆர்டர் வாங்க முடியாது. இந்தப் பிரிவு அதற்குத்தான். ஆனால் நம்பிக்கை மனதுக்குள் இருந்தால் போதாது, காட்டும்போது அது எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படத்துக்கு முன்பே இப்படி ஒரு வரி அனுப்புங்கள்: 'இந்த டிசைன் இன்னும் பதிவாகவில்லை. உங்கள் வேலைக்காக மட்டும் அனுப்புகிறேன், வேறு யாருக்கும் காட்டவோ அனுப்பவோ கூடாது. சம்மதம் என்றால் பதில் போடுங்கள்.' 'சரி' என்று வந்த பிறகு படத்தை அனுப்புங்கள். முதலில் படம், மறுநாள் நிபந்தனை என்றால் அந்த ஒரு நாளுக்கு உங்களிடம் பதில் இல்லை. ஐம்பது பேர் உள்ள ஆசாரிமார் குழுவில் போட்டுவிட்டு நிபந்தனை எழுதினாலும் செல்லாது. தனித்தனியாக அனுப்ப வேண்டும். பட்டறைக்கு வந்து பார்க்கிறவர் செல்போனில் படம் எடுப்பதை யாரும் தடுக்காத நிலையில், பின்னால் நம்பிக்கை என்று வாதாடவும் முடியாது. மாதிரி நாற்காலி முடிந்ததும் துணி போட்டு மூடி வைக்கிற பழக்கம் நல்லது. உரையாடலை அழிக்காதீர்கள், போன் மாற்றினால் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அடுத்த நாற்காலிக்கு வருவோம். பழையதன் நிறத்தையோ உயரத்தையோ மாற்றிப் புதிது என்று காட்ட முடியாது. தள்ளி நின்று பார்க்கிறவருக்கே வேறு நாற்காலி என்று தெரிய வேண்டும்: முதுகுப் பலகையின் வளைவு, காலின் வெட்டு, கைப்பிடி சேரும் இடம் என்று தோற்றமே மாற வேண்டும். மடக்கும் விதம், ஸ்க்ரூ பூட்டும் முறை போன்ற இயங்கும் அம்சங்கள் டிசைன் பதிவில் சேராது.

விண்ணப்பத்தில் முக்கியம் படங்கள்தான். முன், பின், இடம், வலம், மேல், கீழ், சாய்வுப் பார்வை என ஏழு. வெள்ளைப் பின்னணி, ஏ4 தாள், எல்லாம் ஒரே நாற்காலி, ஒரே விகிதம். அளவு எழுதாதீர்கள், பக்கத்தில் பூச்சட்டியோ குஷனோ வைக்காதீர்கள். ஒரு படத்தில் கால் நேராகவும் இன்னொன்றில் சற்று விரிந்தும் இருந்தால் ஆட்சேபம் வரும். புதுமை எங்கே இருக்கிறது என்று ஒரு வரி, இயந்திர இயக்கத்துக்கு உரிமை கோரவில்லை என்று ஒரு வரி எழுத வேண்டும். டிசைன்களை வகுப்பாகப் பிரிக்கும் சர்வதேசப் பட்டியலான லோகார்னோ வகைப்பாட்டில் நாற்காலி 6-ஆம் வகுப்பு, விளக்கு 26-ஆம் வகுப்பு. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம்.

பரிசோதனையில் ஆட்சேபம் வந்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கேட்டால் அதிகபட்சம் 3 மாதம் நீட்டிப்பு உண்டு. ஏஜெண்டுகளிடம் கொடுத்த விண்ணப்பங்கள் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான். கடிதப் போக்குவரத்துக்கான முகவரியிலும் மின்னஞ்சலிலும் அவருடையதைக் கொடுத்திருப்பார், ஆட்சேபக் கடிதம் அவருக்குப் போகும், அவர் போனை எடுக்கமாட்டார். அதனால் நான்கு விஷயங்களைச் சொல்லிவைக்கிறேன். விண்ணப்பதாரர் இடத்தில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இணை விண்ணப்பதாரராக அவர் பெயர் நுழைந்தால் பாதி உரிமை அவருக்கு. மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். பணம் கட்டிய அன்றே விண்ணப்ப எண்ணை வாங்கி, காப்புரிமை (பேட்டண்ட்) அலுவலகத் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். சிறு தொழில்களுக்கான 'உத்யம்' சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று தனியாக 3,000 கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பதிவு முற்றிலும் இலவசம், தனிநபர் கட்டணச் சலுகைக்கு அது தேவையும் இல்லை. 'காபிரைட் எடுத்தாயிற்று' என்று ஒரு டைரி எண்ணைக் காட்டுவதும் வழக்கம். அது விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான எண், சான்றிதழ் அல்ல.

இந்த ஆட்களுக்குப் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று கேட்டால், அமைப்பே நடத்திக் கொடுக்கிறது. டிசைன் பதிவைக் கவனிக்கும் பிரிவான டிசைன் விங் இருப்பது கொல்கத்தாவில். நேரில் கொடுப்பதானால் நமக்கு அருகில் இருப்பது சென்னை கிண்டி அலுவலகம், நாகர்கோவிலிலிருந்து சுமார் 700 கி.மீ. ஆன்லைனில் போட டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். படிவம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். ஒரு நாற்காலி வடிவத்தைப் பதிய இத்தனை சுற்று எதற்கு என்று கேட்க ஆள் இல்லை. திருட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் தொகையையும் பாருங்கள்: ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தமே 50,000 ரூபாய் வரை. நகலடிப்பவர் அதை ஒரு செலவாகவே எழுதிக்கொள்வார். ஆகவே வழக்கு என்று போனால் தடை உத்தரவும் நஷ்டஈடும் கேட்கும் வழியே உருப்படியானது. பதிவானபின் பொருளின் அடியில் பதிவு எண்ணைப் பொறிக்க மறக்காதீர்கள். பொறிக்காவிட்டால் நஷ்டஈடு கேட்பதே சிக்கலாகும். பதிவு இந்தியா முழுக்கச் செல்லும், களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போனாலும்.

ஏற்கெனவே வெளியான நாற்காலியின் வடிவத்தை மீட்க வழியில்லை. பெயரைக் காப்பாற்றலாம். நாற்காலிக்கோ பட்டறைக்கோ ஒரு பெயர் வைத்து, மரச்சாமான்களுக்கான 20-ஆம் வகுப்பில் டிரேட்மார்க் விண்ணப்பியுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய். பெயர் ஏற்கெனவே வெளியானது இங்கே தடை ஆகாது. பெயரை இருக்கையின் அடியில் சூட்டு முத்திரையாக இடுங்கள். கூடவே மரத்தைச் சொல்லி விற்பனை செய்யுங்கள். ரப்பர் மரம் அறுத்த சூட்டோடு போராக்ஸ், போரிக் அமில மருந்து ஏற்றி, கில்னில் (உலர்த்தும் சூளையில்) ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே உலர்த்தாவிட்டால் நீலக் கறை படியும், பிறகு வண்டு துளைத்து மாவு கொட்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் திறந்த கொட்டகையில் அடுக்கிவைத்தால் அந்த அளவுக்கு உலராது. விலையைக் குறைத்து நகலடிப்பவர் முதலில் மிச்சம் பிடிப்பது இந்தச் செலவில்தான். மருந்து ஏற்றிய மில்லின் பில்லைக் கடையில் காட்டுங்கள்.

பேக்கரி விஷயம் வேறு, அதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. டிசைன் சட்டம் தனியாகச் செய்து விற்கக்கூடிய பொருளுக்கானது. கடையின் உள்ளமைப்பு மொத்தமாக அதில் வராது. கவுன்ட்டர், விளக்கு, ரேக் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதியலாம், வெளியாகும் முன். ஆனால் நீங்கள் வரைந்த வரைபடத்தின் காபிரைட் உங்களுடையது. கூலி வாங்கியதால் அது பேக்கரிக்காரருக்குப் போய்விடாது, எழுதிக் கையெழுத்துப் போட்டு மாற்றினால்தான் போகும். முதல் கடைக்குத்தான் அவருக்கு அனுமதி. இரண்டாவது கிளையைப் படம் எடுத்து, உங்கள் வரைபடத் தாள்களின் தேதியோடு சேர்த்து, 'மறுபயன்பாட்டுக் கட்டணம்' என்று முதல் கட்டணத்தில் ஒரு பங்கைக் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். நேரே வக்கீல் நோட்டீஸ் என்றால் அடுத்த கிளை வேலையும் போய்விடும். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் நோட்டீஸ்.

அடுத்த கடைக்கு ஒப்பந்தத்தில் 'இந்த வரைபடங்கள் இந்த முகவரிக்கு மட்டும்' என்ற வரியும், மறுபயன்பாட்டுக்கு எத்தனை சதவீதம் என்பதும் இருக்கட்டும். முதல் தவணைக்கு அளவில்லாத முப்பரிமாணப் படம் மட்டும் கொடுங்கள். 18 மி.மீ. பிளைவுட் எங்கே, கதவு இடைவெளி எவ்வளவு, எட்டுக்கு நாலு ஷீட்டை எப்படி வெட்டுவது என்ற வெட்டுப் பட்டியல் இரண்டாம் தவணை வங்கியில் ஏறிய பிறகு. எதையும் பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். ஸ்கெட்ச்அப் (முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்) ஃபைலைக் கொடுத்தால் எந்த ஆசாரியின் மகனும் அரைமணி நேரத்தில் எல்லா அளவையும் எடுத்துவிடுவான்.