வரி கேள்வி-பதில்: கருப்பட்டி முதல் ரீஃபண்ட் வரை

வந்த கடிதங்களில் பாதியில் எந்த ஆண்டுக்கான கேள்வி என்றே இல்லை. 2025-26 நிதியாண்டு என்று நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள். என் பென்ஷன் 9 லட்சம், பங்கு விற்ற லாபம் 2 லட்சம். ஆடிட்டர் வரி கட்டச் சொல்கிறாரே? (ஓய்வுபெற்றவர், ராமநாதபுரம்)

ஆடிட்டர் சொல்வது சரி. 12 லட்சம் என்பது தள்ளுபடி, விலக்கு இல்லை. பென்ஷனுக்கான வரி தள்ளுபடியில் போய்விடும். பங்கு லாபத்துக்குத் தனி வரி விகிதம், அதைத் தள்ளுபடி தொடாது. ஓராண்டுக்குள் விற்றிருந்தால் 20 சதவீதம்: செஸ் சேர்த்து நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். அதற்கு மேல் வைத்திருந்து விற்றிருந்தால் முதல் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம்தான். எத்தனை மாதம் வைத்திருந்தீர்கள் என்பதைத்தான் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். இன்னொன்று: வரி பூஜ்யம் ஆனாலும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். போடும் முன் ஏஐஎஸ் (உங்கள் வரவு, விற்பனை பற்றி வருமான வரித்துறை சேர்த்து வைத்திருக்கும் ஆண்டுப் பட்டியல்) பாருங்கள்.

கருவாடு வியாபாரம் செய்கிறேன். ஜிஎஸ்டி எவ்வளவு? (தொண்டி)

மூட்டையிலா, பாக்கெட்டிலா? அதைச் சொல்லாமல் கேட்டால் நான் எதை என்று சொல்ல? அடுத்த பதிலைப் படியுங்கள், உங்களுக்கும் அதுதான்.

பனங்கருப்பட்டியை அரைக் கிலோ பாக்கெட் போட்டு, பெயர் ஒட்டி, பெங்களூருக்கு பார்சல் அனுப்புகிறேன். வருடம் 6 லட்சம்கூட வராது. ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா? (சாயல்குடி வாசகி)

வேண்டும் அம்மா. ஓலைக் கொட்டானில் நிறுத்துக் கொடுக்கும் வரை கருப்பட்டிக்கு வரியில்லை. 25 கிலோவுக்கு உட்பட்ட பாக்கெட்டில் லேபிளோடு விற்றால் 5 சதவீதம். 2022 ஜூலை 18 முதல் இப்படித்தான். சரக்கு விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது தமிழ்நாட்டுக்குள் விற்கும்போதுதான். வரி உள்ள சரக்கு மாநில எல்லையைத் தாண்டினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு. ஓசூர் வரை சலுகை, அதைத் தாண்டினால் இல்லை என்பது எனக்கும் அநியாயமாகத்தான் படுகிறது.

படகுகளிடம் கணவாய், நண்டு ரொக்கம் கொடுத்து எடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 10 ஆயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செலவில் சேராது என்கிறார்கள். (பாம்பன்)

பொது விதி அதுதான். ஆனால் மீனைப் பிடித்தவரிடமே நேராக வாங்கினால் அந்த விதிக்கு விலக்கு உண்டு. கரையிலேயே மீனைத் தரம் பிரித்து விற்கும் மீனவர் தலைவரும் பிடித்தவர் கணக்கில்தான் வருவார் என்று 2008-இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. தரகரிடம் வாங்கினால் விலக்கு இல்லை. படகு எண், தேதி, எடை எழுதிக் கையெழுத்து வாங்கிய சீட்டு கையில் இருக்கட்டும். ஆனால் நீங்கள் விற்கும்போது ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அதற்கு மீன் என்று சலுகை கிடையாது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம்.

அரசு ஊழியரான என் கணவருக்கு பிரவுசிங் சென்டர்காரர் 40 ஆயிரம் ரீஃபண்ட் எடுத்துக் கொடுத்து, 4 ஆயிரம் வாங்கிக்கொண்டார். இப்போது கட்சிக்குக் கொடுத்த நன்கொடைக்கு ரசீது கேட்டுக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. நாங்கள் எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. (பெயர் வேண்டாம்)

இதை எத்தனை முறைதான் எழுதுவது! கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாகப் பொய்க் கணக்குக் காட்டி எடுத்த ரீஃபண்ட் அது. ஓடிபி சொன்னது உங்கள் கணவர். சட்டத்தின் கண்ணில் அது அவர் போட்ட கையெழுத்து. ‘சென்டர்காரர் செய்தார்’ என்ற பதிலை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார்.

சென்ற மாதம் ஒருவர் என்னிடம் வந்தார். பாஸ்வேர்டு தெரியாது. நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளில் பான் எண் மட்டும் இருந்தது. கணக்கில் பதிந்திருந்த மின்னஞ்சல் முகவரி யாருடையதோ. ஆதார் வழியாகத் திறந்து பார்த்தால் உள்ளே மூன்று நோட்டீஸ், பதில் சொல்லும் கெடு மூன்றுக்கும் முடிந்திருந்தது. ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஊரெல்லாம் இதே கதை: ஆளுக்கு ஒரு தற்காலிக மின்னஞ்சல், ஆளுக்கு ஒரு பொய் நன்கொடை. 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது இந்தக் கும்பல்களைத் தேடித்தான்.

ஸ்க்ரூட்டினி நோட்டீஸ் (கணக்கை ஆய்வுக்கு எடுத்திருக்கிறோம் என்ற அறிவிப்பு) இன்னும் வரவில்லை என்றால் உடனே திருத்தப்பட்ட கணக்கை ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ ஆகப் போடுங்கள். இப்போது 48 மாதம் வரை அவகாசம். வரி, வட்டி, அதன் மேல் கூடுதலாக முதலாம் ஆண்டில் 25 சதவீதம்; தள்ளிப்போடப் போட 50, 60, 70. ஸ்க்ரூட்டினி வந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். பிறகு தவறான தகவல் என்று வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் விழலாம். 40 ஆயிரத்துக்கு 80 ஆயிரம். அந்த 4 ஆயிரத்தைக் கேட்டு சென்டர்காரரோடு மல்லுக்கு நிற்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ஏஐஎஸ் பாருங்கள்.

துபாயில் இருக்கிறேன். கீழக்கரை மனையை மச்சானுக்கே விற்கிறேன். அவர் 1 சதவீதம் டிடிஎஸ் (விலையிலிருந்தே பிடித்துக் கட்டும் வரி) பிடித்தால் போதுமல்லவா?

போதாது. 1 சதவீதம் உள்ளூரில் வசிப்பவர் விற்றால் மட்டும். நீங்கள் வெளிநாட்டுவாசி என்பதால் லாபத்தின் மேல் 12.5 சதவீதமும் செஸ் போன்ற மற்றவையும் பிடிக்க வேண்டும். பத்திரத்துக்கு முன்பே குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பிடிக்காமல் விட்டால் மாட்டுவது மச்சான். பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய வாய்ப்பும் உங்களுக்குக் கிடையாது, அது இங்கே வசிப்பவர்களுக்கே. முன்பணம் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறவே கூடாது, மச்சானே ஆனாலும்.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ். வாடகை 900. பழையபடி 12 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு, உள்ளீட்டு வரி (லாட்ஜுக்கு வாங்கியவற்றில் நான் கட்டிய ஜிஎஸ்டி) கழித்து எடுத்துக்கொள்கிறேனே?

முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம்தான், உள்ளீட்டு வரி கிடையாது. எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை.

இறால் பண்ணை வருமானம் விவசாய வருமானம்தானே?

இல்லை. உப்பளமும் இல்லை.

2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் 2022-ஆம் ஆண்டு நோட்டீஸ் காலாவதிதானே?

பிரிவு எண்கள் மாறின, பாக்கி மாறவில்லை. பழைய ஆண்டுகள் பழைய சட்டப்படியே நடக்கும். பதில் போடுங்கள்.