டிக் டிக் என்கிறது, கிளம்ப மாட்டேன் என்கிறது!

கேள்வி: என் பெட்ரோல் கார் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. ஆபீசுக்கு பைக்கில் போய்விடுவதால் காரை ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே எடுப்பேன். போன வாரம் சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று சத்தம் வருகிறதே தவிர இன்ஜின் சுற்றவில்லை. ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது, அதனால் பேட்டரியில் குறை இல்லை, செல்ஃப் மோட்டார் போய்விட்டது, புதுசு போடணும் என்கிறார் தெரு முனை மெக்கானிக். போட்டுவிடலாமா சார்?
- ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அவசரப்படாதீர்கள். ஹாரன் அடிக்கிறது என்பதை வைத்து பேட்டரிக்கு நற்சான்றிதழ் கொடுக்கவே முடியாது. ஒரு ஹெட்லைட் பல்பு இழுப்பது சுமார் 5 ஆம்பியர், ஆனால் இன்ஜினைச் சுற்றிவிட செல்ஃப் மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பாதி செத்த பேட்டரியும் பல்பை எரிக்கும்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. டிக் டிக் டிக் என்று படபடவென வந்தால் சோலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை விடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் விழுந்து அது விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்டேஜ் ஏறி மறுபடி இழுக்கிறது என்று அர்த்தம். இது பெரும்பாலும் பேட்டரி டவுன், இல்லையென்றால் டெர்மினல் (பேட்டரியில் ஒயர் மாட்டும் முனை) லூஸ். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றுபோனால்தான் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகப்படணும். உறுதி செய்ய, ராத்திரியில் காரைச் சுவரைப் பார்க்க நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். சுவரில் வெளிச்சம் சட்டென்று மங்கினால் பேட்டரி பக்கம் போங்கள், மங்காமல் ஒரே டக் என்றால் மோட்டார் பக்கம்.

முதலில் பானெட்டைத் திறந்து டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். கிளாம்ப் கொஞ்சம் நகர்ந்தாலும் லூஸ்தான். வெள்ளையாகவோ பச்சையாகவோ பவுடர் பூத்திருந்தால் அதுவே கரண்டை மறிக்கும். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றணும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டணும். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும். பவுடர் மேல் ஆப்ப சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால் நுரைத்துக் கரையும், பேட்டரி மூடித் துளைக்குள் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். மைனஸ் ஒயர் பாடியிலும் இன்ஜினிலும் போல்ட் போட்ட இடம் இருக்கிறதே, அந்த எர்த்தையும் பார்த்துவிடுங்கள், அதை யாருமே பார்ப்பதில்லை.

அப்புறம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் ஃபுல், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி. சாவியைத் திருப்பும்போது 9.6-க்கும் கீழே விழுந்தால், சார்ஜ் ஏற்றிய பிறகும் அப்படியே என்றால், பேட்டரியை மாற்றிவிடுங்கள். நம் வேலூர் வெயிலில் நாலு வருஷம் என்பதே பேட்டரிக்கு வயசான கணக்குதான். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் உள்ளே தண்ணீரும் சுண்டும், பிளேட்டும் அரிக்கும். போதாக்குறைக்கு வாரம் ஒரு தடவை கோட்டை வரைக்கும் போய்வந்தால், செலவான சார்ஜ் முழுசாகத் திரும்ப ஏறாது.

அவசரத்துக்கு ஜம்ப் ஸ்டார்ட், அதாவது இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்கி ஸ்டார்ட் பண்ணுவது: சிவப்பு ஒயரை முதலில் உங்கள் பிளஸில், பிறகு நல்ல வண்டியின் பிளஸில், கறுப்பை நல்ல வண்டியின் மைனஸில், மறுமுனையை உங்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். செத்த பேட்டரியின் மைனஸில் நேராக வைக்காதீர்கள், பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கும், பொறி ஆகாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பது வீண் வேலை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரே டக் என்றால், அப்போதும் முழு மோட்டாரும் வேண்டியதில்லை. பல வண்டிகளில் தேய்ந்த கார்பனையோ (மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் துண்டு) கருகிய சோலனாய்டையோ மட்டும் மாற்றினால் போதும். அதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள், மெக்கானிக்கிடம் இல்லை.

கேள்வி: பேட்டரி புதுசு சார். ஆனாலும் ரெண்டு நாள் சும்மா நிறுத்தினால் இதே டிக் டிக் வருகிறது. என்ன செய்ய?
- ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் டைனமோ (ஆல்டர்னேட்டர்) சார்ஜ் செய்கிறது. அது சரி என்றால், நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. எனக்கு முதல் சந்தேகம், வெளியே போட்ட மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ், டேஷ்கேம் மேல்தான், டிக்கி லைட் அணையாமல் கிடப்பதும் உண்டு. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டுவிட்டு, மைனஸ் ஒயருக்கு நடுவில் ஆம்பியர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. அதிகம் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கணும், எதைப் பிடுங்கியதும் மீட்டர் இறங்குகிறதோ அந்த லைனில்தான் குறை. எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் இறங்கவில்லையா, டைனமோவில் கரண்ட் பின்னால் ஓடாமல் தடுக்கும் டயோடைச் சோதிக்கச் சொல்லுங்கள்.