தர்மசாலா போகிறோம். திபெத்தியக் கைவினை மையமான நோர்புலிங்காவுக்கு அரை நாள் ஒதுக்கலாமா?

தாராளமாக ஒதுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். நான் விசாரிக்காமல் அன்றைக்குப் போய், கோயிலையும் தோட்டத்தையும் சுற்றிவிட்டு, ஆளில்லாத பட்டறைகளைச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் மறுபடி போனேன். அங்கே பார்க்க வேண்டியதே அந்தப் பட்டறைகளைத்தான்.

தர்மசாலாவுக்குக் கீழே சித்பூரில் இருக்கிறது. திபெத்தியக் கைவினைகள் அழிந்துவிடக் கூடாதென்று 1988இல் தொடங்கியது. லாசாவில் தலாய் லாமாக்களின் கோடைக்கால அரண்மனைக்கும் இதே பெயர்தான். இப்போதைய தலாய் லாமா 1959 மார்ச்சில் இந்தியாவுக்குத் தப்பிப் புறப்பட்டது அந்த அரண்மனையிலிருந்து.

தங்கா என்பது துணியில் தீட்டும் திபெத்திய பௌத்த ஓவியம். அதற்குத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பசை கலந்த வெள்ளைப் பூச்சு பூசி, வழவழப்பாகும் வரை தேய்க்கிறார்கள். அப்புறம் அளவுக் கோடுகள். புத்தரின் முகம் இவ்வளவு, தோள் இவ்வளவு என்று கணக்கு உண்டு. ஓவியர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கண்ணைக் கடைசியில்தான் வரைவார்கள். நம் ஊர்ச் சிற்பிகள் கண் திறப்பதுதான் ஞாபகம் வந்தது.

நான் அதிக நேரம் நின்றது தையல் தங்கா செய்யும் இடத்தில். வர்ணப் பூச்சே கிடையாது, பட்டுத் துண்டுகளை வெட்டி இணைத்தே முழு உருவத்தையும் கொண்டுவருகிறார்கள். தள்ளி நின்று பார்த்தால் ஓரக் கோடுகள் தூரிகையால் இழுத்தது போலத் தெரியும். கிட்டப் போனால், குதிரை வால் முடி! முடியின் மேல் பட்டு நூலை இடைவெளி இல்லாமல் சுற்றி, அந்த மெல்லிய கயிற்றை வளைத்து வளைத்துத் தைக்கிறார்கள். இமை, விரல் நுனி, மேகத்தின் சுருள் எல்லாமே அப்படித்தான். ஓர் அக்கா தலை நிமிராமல் ஒரே தாமரை இதழோடு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தபோதும் அதே இதழ்.

பக்கத்தில் செம்புத் தகட்டைத் தட்டிச் சிலை செய்கிறார்கள். சத்தம் காதைப் பிளக்கும். கோயிலில் இருக்கும் பெரிய புத்தரும் செம்புதான், மேலே பொன் முலாம். திபெத்தின் பல வட்டார உடைகளைக் காட்டும் பொம்மை அருங்காட்சியகமும் உண்டு, குழந்தைகளோடு போனால் விட்டுவிடாதீர்கள்.

கடையில் விலை கொஞ்சம் கூடுதல்தான். பட்டறைகளைப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள். நான் முதல் நாள் கடைக்குத்தான் போனேன், ஒரு சின்னப் பையின் விலையைப் பார்த்து முகம் சுளித்து வைத்துவிட்டேன். மறுநாள் அதே பையைப் பேரம் பேசாமல் வாங்கினேன்.