போர் விமானத்தில் சாவி கொடுக்கும் கடிகாரம் எதற்கு?

விமானியின் எதிரே கருவிப் பலகையில் பதித்திருக்கும், கையால் சாவி கொடுத்து ஓடவைக்கும் கடிகாரம் இது. சோவியத் மிக் விமானங்களில் இருந்த ஏசிஎச்எஸ்-1 நல்ல உதாரணம். பெரிய முட்கள் மணி காட்டும். மேலே உள்ள சின்ன வட்டம் பறந்த நேரத்தைக் காட்டும், கீழே உள்ளது ஸ்டாப்வாட்ச்.

அந்த ஸ்டாப்வாட்ச்தான் முக்கியம். வேகமும் திசையும் தெரிந்தால், கடந்த நேரத்தை வைத்து எங்கே இருக்கிறோம் என்று கணக்கிடலாம். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத ராத்திரி பஸ்ஸில், "கிளம்பி ரெண்டு மணி நேரமாச்சு, பாதி தூரம் வந்திருப்போம்" என்கிறோமே, அதே கணக்குதான். ஆனால் இங்கே நொடிகூடப் பெரிசு. தரைக்கு மேல் மணிக்கு 720 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 12 கி.மீ.; 10 நொடி பிசகினால் 2 கி.மீ. தள்ளிப் போயிருப்போம். அதனால் ஒரு பாலத்தின் மேல் பறக்கும்போது பொத்தானை அழுத்துவார்கள். 3 நிமிடம் 20 நொடி ஆனதும் திரும்பினால், 40 கி.மீ. கடந்திருப்பார்கள்.

சரி, ஏன் சாவி? சண்டையில் அடிபட்டு மின்சாரம் போனாலும் சுருள்வில் ஓடும். காற்றழுத்தத்தால் இயங்கும் வேகமானியும் காந்தத் திசைகாட்டியும் கூட இருந்தால் வீடு திரும்ப வழி உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்ததே இந்த முன்யோசனைதான்.

பின்பக்கம் மின்கம்பி இருப்பதால் இது கரண்டில் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கம்பி, உயரத்தின் குளிரில் உள்ளே இருக்கும் எண்ணெய் கெட்டியாகாமல் சூடேற்றுவதற்கு மட்டும்தான்.