மாசசூசெட்ஸ்: 50-50 பங்கில் எல்ஜிபிடி நிறுவனச் சான்று கிடைக்குமா?

பாஸ்டனில் கேட்டரிங் எல்எல்சி (உரிமையாளர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்), உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் பாதிக்குப் பாதி, அண்ணன் எல்ஜிபிடி இல்லை என்கிறீர்கள். எல்ஜிபிடி (தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர்) உரிமையாளரின் நிறுவனம் என்ற சான்றுக்கு இப்படியே விண்ணப்பித்தால் தேறாது. குறைந்தது 51% உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

அரசுக் கொள்முதலில் பலதரப்பட்ட நிறுவனங்களைச் சேர்க்கும் மாநிலத்தின் சப்ளையர் டைவர்சிட்டி அலுவலகம், தேசிய எல்ஜிபிடி வர்த்தக சபையான என்ஜிஎல்சிசி தரும் சான்றைத்தான் ஏற்கிறது. ஆகவே முதலில் அங்கே வாங்குங்கள். பிறகு அதைக் காட்டி மாநிலத்தில் பதியுங்கள். மாசசூசெட்ஸ் எல்ஜிபிடி வர்த்தக சபையில் உறுப்பினரானால் சான்றுக் கட்டணம் இல்லை. முதலில் உறுப்பினர் சந்தாவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது சதவீதத்தில் அல்ல, ஆபரேட்டிங் அக்ரிமென்டில், அதாவது எல்எல்சியை யார் எப்படி நடத்துவது என்று உறுப்பினர்கள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில். 51-49 என்று திருத்திவிட்டு, "முக்கிய முடிவுகளுக்கு எல்லா உறுப்பினர்களின் சம்மதமும் தேவை" என்ற பழைய வரியை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரியால் 49% வைத்திருப்பவர் எதையும் தடுக்கலாம். கட்டுப்பாடு உங்களிடம் இல்லை என்றாகிவிடும். அதை "பெரும்பான்மைப் பங்கு" என்று மாற்றுங்கள். வங்கிக் கணக்கிலும் உங்கள் தனிக் கையெழுத்து செல்ல வேண்டும். வரி ரிட்டர்னோடு போகும், ஒவ்வொருவரின் பங்கையும் காட்டும் கே-1 படிவத்தில் பழைய 50% இருந்தால், திருத்திய தேதியைச் சொல்லி ஒரு விளக்கக் கடிதம் இணைப்பது நல்லது.

நேரில் வந்தும் பார்ப்பார்கள். மெனு விலை, ஆள் எடுப்பது பற்றிக் கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள், அண்ணன் அல்ல.

கடைசியாக, அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கிறதா? எச்1பி வேலை விசா போதாது.