ஒரே நாவலோடு ஆயுளைக் கழிக்கும் பேராசிரியரால் யாருக்கு என்ன லாபம்? அந்த வீட்டுக்காரி சொல்கிறேன்

கேள்வி: தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் பணிக்காலம் முழுக்க ஒரே நாவலை ஆராய்ந்துகொண்டிருப்பது வீண் வேலை இல்லையா?

கேள்வியைப் படித்ததுமே புரிந்துவிட்டது. நீங்கள் பிஎச்டி செய்கிறீர்கள், உங்கள் கைடு எதைக் கேட்டாலும் சுற்றிச் சுற்றி ஒரே புத்தகத்தில் வந்து நிற்கிறார். அப்படித்தானே? இல்லையென்றாலும் பரவாயில்லை, எழுதத்தான் போகிறேன். எங்கள் வீட்டுக்காரர் அந்த ரகம். சேலத்தில் இருக்கிறோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விமர்சனக் கோட்பாடு எதுவும் எனக்குத் தெரியாது, அதைப் பற்றி யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டாம்.

அவருடைய நாவல் கமலாம்பாள் சரித்திரம். வத்தலகுண்டு பி.ஆர். ராஜமையர் எழுதியது. 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி என்ற பத்திரிகையில் தொடராக வந்து, 1896-ல் புத்தகமானது. தமிழின் முதல் நாவல் என்று 1879-ல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தைச் சொல்வார்கள். ஆனால் நாவல் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது இதுதான் என்பது எங்கள் வீட்டுக் கட்சி. தொடங்கும்போது ராஜமையருக்கு வயது 21. 1898-ல், 26 வயதில் போய்விட்டார். தமிழில் அவர் எழுதியது இந்த ஒரே நாவல்தான். இதெல்லாம் நான் உட்கார்ந்து படித்ததில்லை, சாம்பார் தாளிக்கும்போது காதில் விழுந்தது. "எழுதினவர் சின்ன வயசிலேயே முடிச்சுட்டுப் போயிட்டார், படிக்கிறவருக்கு ஒரு ஆயுசு பத்தல" என்று என் அண்ணன் கேலி செய்வார். மாப்பிள்ளை சிரிப்பார், பதில் சொல்ல மாட்டார்.

அந்தப் புத்தகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மலிவுப் பதிப்பை வாங்கி, தாள் தாளாகப் பிரித்து, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பைண்டரிடம் கொடுத்தார். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துத் தைக்கச் சொன்னார். வியாபாரிகளின் கணக்குப் பேரேடு தைத்துப் பழகிய மனுஷன் அவர். "வாத்தியாரே, இதுல வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம். அந்த வெள்ளைத் தாளில் பென்சிலில் குறிப்பு எழுதுவார். புரியாத இடத்துக்கு மட்டும் சிவப்பு மை. தாள் நிறைந்ததும் துண்டுச் சீட்டுகளை மைதா பசையால் ஒட்டினார், பசைக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்கு வேப்பிலை வைத்தோம். இன்றைக்கு அது செங்கல் கனத்தில் இருக்கிறது. அட்டை மூடாது, என் தையல் பெட்டியிலிருந்து எடுத்த பாவாடை நாடாவால்தான் கட்டி வைத்திருக்கிறார்.

ஒரு கோடை விடுமுறையில் எனக்கும் வேலை கொடுத்தார். கதை நடக்கும் காலத்துக்கு ஒரு பட்டியல் வேண்டுமாம்: எது எந்த மாதம், எதற்கும் எதற்கும் நடுவில் எவ்வளவு நாள், யாருக்கு அப்போது என்ன வயது. நான் கிராப் தாளில் கோடு போட்டுக் கொடுத்தேன். மாதாமாதம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிய கதை, கணக்கு அங்கங்கே இடிக்காமல் இருக்குமா? இடித்த இடங்களை வட்டம் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பையனுக்கு இருபத்தோரு வயசுதான், கொஞ்சம் மார்க் போட்டு விட்டுடு" என்றார். என் பையனுக்குக் கணக்கில் மார்க் குறைந்தபோது இந்தத் தாராளத்தைக் காணோம், அது வேறு கதை.

லாபம் என்ன என்றுதானே கேட்டீர்கள்? அந்த நாவலில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ்ப் பண்டிதர் வருவார். இடம் பொருள் பார்க்காமல் செய்யுளை அவிழ்த்துவிடும் ஆள், சரியான கோமாளி. கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்காரருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஆடுசாபட்டி'. கரும்பலகையிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். வேறு ஒருவராக இருந்தால் துறைத்தலைவரிடம் புகார் போயிருக்கும். இவர் அன்றைக்கு வீட்டுக்கு அல்வாவோடு வந்தார். "பாதிப் பேர் நோட்ஸ் வாங்கிப் பாஸ் பண்றவங்க. இந்தப் பேரை வைக்கணும்னா புஸ்தகத்தை நிஜமாவே படிச்சிருக்கணும்" என்றார். படித்துக் கெட்டுப்போன அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது தர்மபுரி, நாமக்கல் பக்கம் வகுப்பெடுக்கிறார்கள். ஒருத்தி தன் பிரதியையும் வெள்ளைத் தாள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்து காட்டினாள். இதற்கு மேல் லாபம் வேண்டும் என்றால் நகைச்சீட்டுதான் போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவள் நான் என்று நினைக்காதீர்கள். நாவலின் பின்பகுதி எனக்குப் பிடிக்காது. முன்பகுதியில் சிறுகுளத்து வீட்டுத் திண்ணை, பெண்கள் கூடி வம்பளப்பது, ஜல்லிக்கட்டு எல்லாம் கண்முன் நடக்கும். அப்புறம் கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி ஐயருக்குக் கஷ்டம் மேல் கஷ்டம் வந்து, மனைவி மேல் அபவாதம் வந்து, மனுஷன் வீட்டை விட்டுக் குரு, வேதாந்தம் என்று போய்விடுவார். கதை தன் கையை விட்டு நழுவியது தெரியாமல் ராஜமையர் எழுதிவிட்டார் என்பது என் கட்சி. பெரிய விமர்சகர்களும் இந்தக் குறையைச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். அலைபாய்ந்த ஓர் ஆத்மா அமைதி அடைவதைச் சொல்லத்தான் எழுதினேன், கதை அதற்கு அடுத்ததுதான் என்று ராஜமையரே முடிவில் சொல்லிவிட்டாரே என்பார். தொடர் முடிந்த மறுவருடமே, 1896-ல், ராஜமையர் சென்னையில் பிரபுத்த பாரத என்ற ஆங்கில வேதாந்தப் பத்திரிகைக்கு ஆசிரியரானார், சாகும்வரை அந்த வேலைதான். "ஊர் வம்பைக் கேட்டுச் சிரிச்ச பையனும் அவன்தான், பத்திரிகை நடத்தின வேதாந்தியும் அவன்தான். பின்பாதியை வெட்டிட்டா நீ பாதி ஆளைத்தான் படிக்கிறே" என்பது எங்கள் வீட்டுக்காரர் வாதம். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. ஒரு நாவலைப் பற்றிப் புருஷன் பெண்டாட்டி சண்டை போட முடிகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது, இல்லையா?

எங்கள் வீட்டுக்காரர் அதிகம் எழுதி வெளியிடவில்லை என்பது உண்மை. அதனால் பதவி உயர்வில் பின்தங்கியதும் உண்மை. கல்லூரிப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். காசு கட்டினால் கட்டுரை போடும் கருத்தரங்க மலர்கள் வருகின்றனவே, தலையணை மாதிரி, அதில் சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை, சிலம்பில் நீர் மேலாண்மை, கம்பனில் நீர் மேலாண்மை என்று ஆண்டுக்கு ஒரு டஜன் போடுகிறவரை யாராவது வீண் வேலை என்று கேட்டதுண்டா? அவருக்குப் பதவி உயர்வுக்கான புள்ளி ஏறும். எங்கள் தெருவில் ஒருவர் பரம்பரையாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பிறந்ததிலிருந்து கொலுசு தவிர எதுவும் செய்ததில்லை. ஏன் ஒரு தட்டு, ஒரு டம்ளர் செய்யக்கூடாது என்று நான் அவரிடம் போய்க் கேட்பேனா?

வாழ்க்கையில் இழந்தது உண்டா என்றால் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் பார்த்ததில்லை. வருடா வருடம் மே மாதம் ஏற்காடுதான். அவருடைய நண்பர் ஒருவர் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார், அவர் வீட்டில் தங்குவோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதன் அடியில் நாற்காலி போட்டு அத்தியாயம் அத்தியாயமாக வாய்விட்டுப் படிப்பார், நான் ஸ்வெட்டர் பின்னுவேன். இப்போது அதற்கும் வழியில்லை. கோடை விழா வந்தால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் கார் காராக நிற்கிறது. ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று திருப்பிவிடுகிறார்கள். சனி ஞாயிறு மேலே போனால் ஏரிக்கரையில் உட்கார இடமில்லை, ரோட்டோரம் முழுக்கச் சிப்ஸ் பாக்கெட். குரங்குக்கு லேஸ் ஊட்டிப் படம் எடுக்கிறார்கள்! கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

'கணவர் என்பதால் தூக்கி எழுதுகிறீர்கள்' என்று கீழே வரப்போகிறவர்களுக்கு: ஆமாம், வேறு யார் எழுதுவார்கள்? பின்பகுதி சரியில்லை என்றும் நான்தானே எழுதியிருக்கிறேன். அவர் இதைப் படிக்க வாய்ப்பில்லை, போனில் எழுத்து பொடியாக இருக்கிறதாம்.

உங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை கைடைப் பார்க்கப் போகும்போது உங்கள் அத்தியாயத்தை நீட்டாமல், அந்த நாவலில் அவருக்கு இன்னும் புரியாத இடம் எது என்று கேட்டுப் பாருங்கள். காலையிலேயே போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டுப் போன பிள்ளைகள் நிறைய, அத்தனை பேருக்கும் ரசம் வைத்தது நான்தான்.