சர்க்கரை நோய் வம்சத்தில் இருந்தால் வந்தே தீருமா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பா, அம்மா இருவருக்கும் டைப் 2. எனக்கு 29 வயது. எனக்கும் வருவது உறுதிதானே?

பதில்: உறுதி இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் வாழ்நாளில் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம், இருவருக்கும் இருந்தால் 70 வரை போகலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெரிய எண்தான், மறைக்கவில்லை. ஆனால் அதில் மரபணு மட்டும் இல்லை, ஒரே வீட்டுச் சாப்பாடும் தூக்கமும் உட்கார்ந்தே கழிகிற பொழுதும் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த தடுப்பு ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, இதுதான் இலக்கு. அப்படி முயன்றவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் ஆபத்தான வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் வாங்கியவர்களுக்கும் பலன் கிடைத்தது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. வருடம் ஒருமுறை வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யும் பாருங்கள், இப்போதே ஆரம்பியுங்கள்.

கேள்வி: எபிஜெனெடிக்ஸ் என்கிறார்களே, மரபணு மாறிவிடுமா?

பதில்: மாறாது. உங்கள் தோல் செல்லிலும் கணையத்தின் பீட்டா செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. அதை ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்டால், இன்சுலின் செய்யச் சொல்லும் பக்கம் இரண்டிலும் உண்டு, ஆனால் பீட்டா செல்லில்தான் அது திறந்திருக்கிறது. எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் போன்ற சின்னச் சின்ன அடையாளங்கள்தான் எபிஜெனெடிக்ஸ். எழுத்து அப்படியே இருக்கும், வாசிப்பு மாறும்.

1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது கருவானவர்களை சுமார் 60 வருடம் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்2 மரபணுவில் மெத்தில் அடையாளம் அவர்களுடைய சொந்த உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்தது. பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்திருந்ததும் தனியாகத் தெரியவந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, அதனால்தான் இது என்று சொல்லிவிடக் கூடாது. அப்புறம், "எபிஜெனெடிக்ஸை மாற்றி சர்க்கரையைக் குணமாக்கும்" என்று யாராவது பவுடர் விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: மேடம், கர்ப்பத்தில் எனக்குச் சர்க்கரை இருந்தது. என் மகளுக்கு நான்தான் கொடுத்துவிட்டேனா?

பதில்: அப்படி நினைக்காதீர்கள், தயவுசெய்து. கர்ப்பத்தில் சர்க்கரை ஏறுவது யாருடைய குற்றமும் இல்லை. வயிற்றுச் சூழலுக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. அமெரிக்காவின் பிமா பழங்குடியினரிடம், ஒரே தாய்க்குச் சர்க்கரை நோய் வருவதற்கு முன் பிறந்த பிள்ளையையும் வந்த பிறகு பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டார்கள். பின்னால் பிறந்தவர்களுக்குத்தான் நோய் அதிகம். ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால் மரபணு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாமல் போனது. ஆனால் இது வாய்ப்புதான், தீர்ப்பு இல்லை. மகள் ஓடியாடி விளையாடட்டும், எடையைக் கவனியுங்கள். உங்களுக்கும் டைப் 2 வரும் வாய்ப்பு கூடுதல், உங்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எச்சிலை அனுப்பி டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: டைப் 2-க்காக என்றால் வேண்டாம். டிஎன்ஏ-வில் அதோடு தொடர்புள்ள இடங்கள் 600-க்கும் மேல், பெரும்பாலும் ஒவ்வொன்றின் பங்கும் துளிதான்.

கேள்வி: வயது 24, ஒல்லி. வெறும் வயிற்றில் எப்போதும் 120-130. அம்மாவுக்கும் அக்காவுக்கும் இதே கதை, மாத்திரை போட்டும் அசையவில்லை.

பதில்: இது ஒரே ஒரு மரபணுவால் இளவயதிலேயே வரும், மோடி (MODY) எனப்படும் சர்க்கரை நோய் வகையா என்று பார்க்க வேண்டும். முதலில், உடலின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்லைத் தாக்கும் டைப் 1 இல்லை என்று ஆன்டிபாடி டெஸ்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். பீட்டா செல்லில் குளுக்கோகைனேஸ் என்ற நொதிதான் சர்க்கரையை அளக்கும் உணர்வி. அதன் மரபணுவில் ஒரு பிரதி பழுதானால் உடல் சற்று உயரத்தில் சர்க்கரையை நிறுத்திவைக்கும், வருடக்கணக்கில் அங்கேயே நிற்கும். இந்த வகைக்குக் கர்ப்ப காலம் தவிர பொதுவாக மருந்தே தேவைப்படாது. எச்என்எஃப்1ஏ என்ற இன்னொரு மரபணு என்றால் கதை வேறு, அதில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், சல்ஃபோனைல்யூரியா மாத்திரை குறைந்த அளவிலேயே நன்றாகக் கேட்கும். அதனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அம்மா, அக்கா, நீங்கள், மூன்று பேரின் பழைய ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் எடுத்துப் போய், மோடிக்கு மரபணுச் சோதனை தேவையா என்று நேராகவே கேளுங்கள்.